கயிற்று உருண்டைக்கு ஓர் ஊரே காவல்

வினோத அருங்காட்சியகங்களும் சாலையோர சாதனைச் சின்னங்களும் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் பிறக்கின்றன. அவர் கண்மூடிய பிறகு அவற்றைக் காப்பது யார்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சிற்றூர். மொத்த மக்கள்தொகை ஐந்நூறைத் தொடாது. ஊர் வழியே போகும் 24-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, சுவர் இல்லாமல் கூரை மட்டும் போட்ட கொட்டகை ஒன்று நிற்கிறது. அதற்குள் இருப்பது ஒரு கயிற்று உருண்டை. எடை 9,000 கிலோவுக்கு மேல். பிரித்து நீட்டினால் சுமார் 80 லட்சம் அடி வரும். கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்குச் சாலை வழியே போகும் தூரத்தைவிட அதிகம்.

வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். விரும்பினால் தாங்களும் கொஞ்சம் கயிறு சுற்றிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஊரே கூடிக் கயிறு சுற்றும் விழா நடக்கிறது. உருண்டை வருடா வருடம் பருத்துக்கொண்டே வருகிறது.

இதனால் என்ன பயன் என்றுதான் யாருக்கும் முதலில் கேட்கத் தோன்றும். உலகெங்கும் உள்ள இப்படிப்பட்ட இடங்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்ததில், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. இவற்றைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. பிறகு ஏன் இவை இன்னும் நிற்கின்றன? ஒரு மனிதரின் பித்து எப்போது ஊர்ச்சொத்தாக மாறுகிறது? அந்த மாற்றம் நடந்த இடங்கள்தான் பிழைத்திருக்கின்றன. உயரமும் எடையும் கின்னஸ் சான்றிதழும் அதற்கு அடுத்தபடிதான்.

மிச்சக் கயிறும் இரண்டு மனிதர்களும்

காக்கர் சிட்டி உருண்டையைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி. ஆண்டு 1953. அந்தப் பகுதிகளில் வைக்கோலை எந்திரத்தால் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். கட்டுவதற்குக் கற்றாழை வகை நாரில் திரித்த கயிறு. மாட்டுக்குத் தீனி போடக் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் துண்டுக் கயிறு மிஞ்சும். அதை அப்படியே தரையில் விட்டுவைக்க முடியாது. மாடு தின்றால் வயிற்றில் சிக்கிக்கொள்ளும். எந்திரத்தில் மாட்டினால் அச்சில் சுற்றிக்கொள்ளும். 1930-களின் பஞ்ச காலத்தைக் கண்ட தலைமுறைக்கு, இன்னும் உழைக்கும் கயிற்றைத் தூக்கி எறியவும் மனம் வராது. ஸ்டோபர் அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து உருட்டத் தொடங்கினார்.

1961-இல் உருண்டையை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974-இல் அவர் இறந்தபோது அதன் விட்டம் 11 அடி, கயிற்றின் நீளம் 16 லட்சம் அடி. இன்றைய 80 லட்சம் அடியோடு இதை ஒப்பிட்டால் ஒரு கணக்கு தெரிகிறது. உருண்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஸ்டோபர் காலத்தது. மீதி நான்கு பங்கும் அவருக்குப் பின் வந்தவர்கள் சுற்றியது. அவர்களில் பலர் அந்த ஊரில் ஓர் இரவுகூடத் தங்காத வழிப்போக்கர்கள். ஊர்த் தேரின் வடத்தில் ஒரு நிமிடம் கை வைத்தவருக்கும் தேரோட்டத்தில் பங்கு உண்டு அல்லவா, காக்கர் சிட்டியில் ஒரு முழம் சுற்றியவருக்கும் அப்படி ஒரு பங்கு.

இதே காலத்தில், வடக்கே மினசோட்டா மாநிலத்தில் டார்வின் என்ற இன்னொரு சிற்றூரில் ஃபிரான்சிஸ் ஜான்சன் என்பவரும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அமெரிக்க செனட்டராக இருந்த மேக்னஸ் ஜான்சனின் மகன் இவர். 1950 மார்ச்சில் தொடங்கி 29 ஆண்டுகள் தனியொருவராகச் சுற்றினார். நாளுக்கு நான்கு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார் என்பது அந்த ஊர் சொல்லும் கதை. உருண்டை பருத்ததும் கையால் திருப்ப முடியாமல் போயிற்று. ரயில்வே வேலைக்குப் பயன்படும் ஜாக்கிகளை வைத்துத் தூக்கித் தூக்கி, சீராகச் சுற்றினார். முடிவில் விட்டம் 12 அடி, எடை சுமார் 7,900 கிலோ. 1989-இல் ஜான்சன் இறந்தபின், வினோதப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் ரிப்ளீஸ் நிறுவனம் அந்த உருண்டையை விலைக்குக் கேட்டது. டார்வின் ஊர் விற்க மறுத்தது. ஊருக்குள் கொண்டுவந்து, கண்ணாடி போன்ற பலகைகள் அடைத்த மண்டபத்தில் வைத்தது. அங்கும் ஆகஸ்ட்தோறும் விழா உண்டு. ஆனால் உருண்டையில் யாரும் ஒரு நூல்கூடச் சேர்ப்பதில்லை. ஒரே மனிதர் சுற்றியதில் உலகிலேயே பெரியது என்பது அதன் பெருமை.

இரண்டு ஊர்களும் செய்வது காவல்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு வழி. டார்வின், செய்தவரின் கைவண்ணம் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. காக்கர் சிட்டி, செய்தவர் தொடங்கிய செயல் நிற்காமல் இருக்க வேண்டும் என்கிறது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களும் பழைய கோயில்களும்கூட இந்த இரண்டில் எதைக் காப்பது என்று நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பொருளையா, வழக்கத்தையா? இரண்டு கயிற்று உருண்டைகள் அந்தப் பெரிய கேள்வியை ஒரு குழந்தைக்கும் புரியும்படி நம்முன் வைக்கின்றன.

சாதனை என்று பார்த்தால் போட்டிக்கு இன்னும் இருவர் உண்டு. டெக்சாஸில் ஜே. சி. பெய்ன் என்பவர் வண்ண வண்ண நைலான் கயிற்றில் உருட்டிய பந்தின் சுற்றளவு 41 அடிக்கு மேல். கின்னஸ் புத்தகம் அதை ஏற்றது. இப்போது மிசௌரி மாநிலத்தின் பிரான்சன் நகரில் ரிப்ளீஸ் அரங்கில் இருக்கிறது. விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஃபிராங்க் கொடேரா 1979-இல் தொடங்கி, 2023-இல் இறக்கும்வரை சுற்றிய உருண்டைதான் எல்லாவற்றிலும் கனமானது என்று அவர் சொல்லிவந்தார். ஆக, ஊரார் கூடிச் சுற்றியது, ஒருவர் தனியே சுற்றியது, நைலானில் சுற்றியது, கனத்தில் மிஞ்சியது என்று நான்கு ‘உலகிலேயே பெரியது’. நான்குக்கும் அதனதன் வரையறை உண்டு.

நெடுஞ்சாலை விலகிப் போனபோது

எது பெரியது, எது வேகமானது என்ற வாக்குவாதத்திலிருந்து பிறந்ததுதான் கின்னஸ் புத்தகமும். 1951-இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாகி ஹியூ பீவர், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவில் மிக வேகமாகப் பறப்பது எது என்ற விவாதத்தில் சிக்கினார். விடை சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. அதிலிருந்து கிளைத்த யோசனை 1955-இல் முதல் பதிப்பாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1956-இல், ஐசனோவர் ஆட்சியில் அமெரிக்கா மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் சாலையோர அதிசயங்களின் பிற்காலத்தை எழுதின.

அதற்கு முன்பெல்லாம் நெடுஞ்சாலை ஒவ்வோர் ஊரின் கடைத்தெரு வழியாகவும் போகும். வண்டி மெதுவாகும், பசிக்கும், தாகம் எடுக்கும், கடைக்கு வியாபாரம் நடக்கும். தெற்கு டகோட்டாவில் வால் என்ற ஊரில் 1931-இல் டெட் ஹஸ்டெட் என்ற இளைஞர் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். ஊரில் முந்நூற்றுச் சொச்சம் பேர். ஐந்தாண்டு ஆகியும் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. 1936 கோடையில் அவர் மனைவி டோரதிக்கு ஒரு யோசனை தோன்றியது. வெயிலில் வறண்ட சமவெளியைக் கடந்து வருகிறவர்களுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். அதை இலவசமாகத் தருகிறோம் என்று சாலையோரம் பலகை எழுதி வைக்கலாமே! பலகைகள் வைத்ததும் வண்டிகள் திரும்பின. தண்ணீர் கேட்டு வந்தவர்கள் ஐஸ்கிரீமும் வாங்கினார்கள். இன்று அந்தக் கடை ஓர் ஊரளவு விரிந்து, 80 அடி டைனோசர் சிலையோடு, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேரை இழுக்கிறது. ஐஸ் தண்ணீர் இன்றும் இலவசம்.

புதிய பெருஞ்சாலைகள் ஊர்களைத் தொடாமல் வயல்வெளியில் நேராகப் போயின. வண்டிகளின் வேகம் கூடியது. வெளியேறும் வழியைச் சுட்டும் ஒரு பச்சைப் பலகையோடு ஊரின் அடையாளம் முடிந்துபோயிற்று. புறவழிச்சாலை வந்தபின் வெறிச்சோடிய நம்மூர்ப் பழைய பேருந்து நிறுத்தக் கடைகளை அறிந்தவர்களுக்கு இந்த வலி விளங்கும்.

இல்லினாய் மாநிலத்தின் கேசி அப்படி ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. சுமார் 2,400 பேர் வாழும் ஊர். அங்கே குழாய்த் தொழில் நடத்தும் ஜிம் போலின், 2011-இல் 55 அடி உயரத்தில் ஒரு காற்றுமணியைச் செய்து நிறுத்தினார். உலகிலேயே பெரியது என்று கின்னஸ் ஏற்றது. சாலையில் போகிறவர்கள் திரும்பி ஊருக்குள் வரத் தொடங்கினார்கள். பிறகு 56 அடிக்கு மேல் உயரமான ஆடும் நாற்காலி, உள்ளே ஏறிப் போகக்கூடிய ராட்சத அஞ்சல் பெட்டி, மரக் காலணி, பின்னல் ஊசி என்று வரிசை நீண்டது. பழைய மின்கம்பங்களும் கழித்துப்போட்ட குழாய்களும்தான் பலவற்றுக்கு மூலப்பொருள். கின்னஸில் இடம் பெற அளவு மட்டும் போதாது. பொருள் அதன் வேலையைச் செய்தாக வேண்டும். நாற்காலி ஆட வேண்டும், மணி ஒலிக்க வேண்டும். அந்த ஆடும் நாற்காலியை ஆட்ட ஒரு கூட்டமே சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது.

பெரிய சிலையை நிறுத்தினால் ஊர் பிழைத்துவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. வந்தவர் சாப்பிட இடம் வேண்டும், உட்கார நிழல் வேண்டும், கதை சொல்ல ஆள் வேண்டும். கேசியில் அந்தப் பொருள்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கடைகள் முளைத்தன. தங்கள் ஊரைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்ற நம்பிக்கை ஊர்க்காரர்களுக்குத் திரும்ப வந்தது. ஒரு சிற்றூருக்கு அதைவிடப் பெரிய முதலீடு இல்லை.

அம்பாரி சுமக்கும் மர யானை

நியூ ஜெர்சியின் கடற்கரையில், மார்கேட் என்ற ஊரில், ஆறு மாடி உயரத்துக்கு ஒரு யானை நிற்கிறது. பெயர் லூசி. 65 அடி உயரம், சுமார் 90 டன் எடை. மரச்சட்டங்களால் கட்டி மேலே தகரம் போர்த்தியது. பின்னங்கால் வழியாகப் படியேறி உள்ளே போகலாம். கண்கள் இரண்டும் சன்னல்கள். முதுகில் அம்பாரி.

1881-இல் இதைக் கட்டிய ஜேம்ஸ் லாஃபர்ட்டி மனை வியாபாரி. அம்பாரியில் வாடிக்கையாளரை ஏற்றி நிறுத்தி, அங்கிருந்து விற்பனைக்குள்ள மனைகளைச் சுட்டிக்காட்டுவார். விலங்கு வடிவில் கட்டடம் கட்டும் முறைக்கு 1882-இல் காப்புரிமையும் வாங்கினார். பிறகு நியூயார்க்கின் கோனி தீவில் இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரமான இன்னொரு யானையும் எழுந்தது. அது 1896-இல் எரிந்து சாம்பலானது. பெரியது போய்விட்டது, சிறியது நிற்கிறது.

லூசி நிற்பதும் தானாக நடந்ததல்ல. 1960-களின் முடிவில் மரம் உளுத்து, தகரம் துருப்பிடித்து, இடிந்து விழும் நிலை. நிலம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு யானை தேவையில்லை. அப்போது ஊர் மக்கள் லூசியைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். 1970 ஜூலையில் அந்த 90 டன் யானையைச் சக்கரங்களில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளி நகராட்சி நிலத்துக்கு நகர்த்தினார்கள். 1976-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. கடற்காற்று தகரத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் வேலை ஓய்வதில்லை. 2021-இலும் 2022-இலும் யானையின் தோல் முழுவதையும் உரித்துப் புதுத் தகடு போர்த்தினார்கள். மனை விற்கப் பிறந்த விளம்பரத்தை, விற்பனைக்கு எதுவும் மிச்சமில்லாத காலத்தில், அந்த ஊர் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்திருக்கிறது.

ஓக்லஹோமாவின் கட்டூசாவில் உள்ள நீலத் திமிங்கலத்தின் பிறப்பு வேறு மாதிரி. உயிரியல் பூங்காவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹியூ டேவிஸ், திமிங்கலப் பொம்மைகள் சேர்க்கும் தன் மனைவி செல்ட்டாவுக்குத் திருமண நாள் பரிசாக, வீட்டுக் குளத்தில் 80 அடி நீளத்தில் ஒரு சிமென்ட் திமிங்கலத்தைக் கட்டினார். 1972-இல் முடிந்தது. பழைய 66-ஆம் எண் சாலையில் போன குடும்பங்கள் இறங்கிக் குளிக்கத் தொடங்கின. மனைவிக்குக் கொடுத்த பரிசு ஊருக்கே பொதுவாயிற்று. வயோதிகத்தால் 1988-இல் மூடினார்கள். புல் மண்டியது. பிறகு உள்ளூர்க்காரர்கள் கூடிச் சுத்தம் செய்து நீல வண்ணம் அடித்து மீட்டார்கள். 2020-இல் நகராட்சியே அதை வாங்கிக்கொண்டது.

இடிக்க வந்தவர்களும் தடுத்தவர்களும்

மேலே சொன்னவற்றைப் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு ஏற்றார்கள். அரசு ஆவணத்தில் குற்றமாகவும் ஆபத்தாகவும் எழுதப்பட்ட இடங்களும் உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய கட்டடத் தொழிலாளி சைமன் ரோடியா 1921-இல் தன் வீட்டுமனையில் கோபுரங்கள் எழுப்பத் தொடங்கினார். பகலில் கூலி வேலை. மாலையிலும் விடுமுறையிலும் கோபுர வேலை. சாரம் கட்டவில்லை. கம்பியை ரயில் தண்டவாளத்தின் இடுக்கில் கொடுத்து வளைப்பார். சிமென்ட் பூசி, அதன் ஈரத்தில் உடைந்த பீங்கான், பச்சை சோடா பாட்டில் துண்டு, கடற்சிப்பி, ஓட்டுச் சில்லு என்று பதிப்பார். 33 ஆண்டுகளில் 17 அமைப்புகள் எழுந்தன. மிக உயரமானது நூறு அடிக்குச் சற்றே குறைவு. ‘நம் ஊர்’ என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயரிட்டார். 1955-இல் மனையை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

கோபுரங்கள் பாதுகாப்பற்றவை, இடிக்க வேண்டும் என்றது நகர நிர்வாகம். இரண்டு இளைஞர்கள் இடத்தை விலைக்கு வாங்கினார்கள். ஆதரவாளர்கள் திரண்டார்கள். பட் கோல்ட்ஸ்டோன் என்ற பொறியாளர் ஒரு சோதனையை முன்வைத்தார். 1959 அக்டோபர் 10 அன்று, மக்கள் பார்த்திருக்க, உயர்ந்த கோபுரத்தைப் பக்கவாட்டில் சுமார் 4,500 கிலோ விசையில் இழுத்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. இழுக்க வைத்த உத்திரம்தான் வளைந்தது. சோதனை நிறுத்தப்பட்டது, இடிப்பு ஆணையும் போயிற்று. 1965-இல் ரோடியா இறந்த அடுத்த மாதம் வாட்ஸ் பகுதியில் பெருங்கலவரம் மூண்டு கட்டடங்கள் எரிந்தன. கோபுரங்களுக்குச் சேதமில்லை. 1990-இல் அவை தேசிய வரலாற்றுச் சின்னமாயின.

நம் நாட்டில் இதற்கு இணையான வாழ்க்கை நேக் சந்தினுடையது. பிரிவினையில் சொந்த கிராமத்தை இழந்து வந்தவர்; சண்டீகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். கட்டடக் கலைஞர் கார்பூசியே வரைந்த திட்டப்படி புது நகரம் எழுவதற்காகச் சுற்றியிருந்த கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த வளையல், கோப்பை, ஓடு, மின்கம்பிப் பீங்கான் எல்லாவற்றையும் மிதிவண்டியில் அள்ளிச் சென்று, சுக்னா ஏரிக்கு அருகே காட்டுக்குள் ரகசியமாக ஒரு சிலைநாட்டை உருவாக்கினார். கட்டடம் கட்டத் தடை செய்யப்பட்ட அரசு நிலம் அது. சுமார் 18 ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமல் வேலை நடந்தது. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. ஆனால் பார்த்தவர்கள் மனம் மாறினார்கள். 1976-இல் பாறைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளம் கிடைத்தது, 50 வேலையாட்களும் தரப்பட்டார்கள். 1984-இல் பத்மஸ்ரீ.

1990-இல் தோட்டத்துக்குள் சாலை போடப் புல்டோசர்கள் வந்தபோது மக்கள் மனிதச் சங்கிலி அமைத்துத் தடுத்தார்கள். 2015-இல் நேக் சந்த் இறந்தார். பத்தாண்டு கழித்து, 2025-இல், உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சாலையை விரிவாக்கவும் வாகனங்கள் நிறுத்தவும் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தும் சுவர் போய்விட்டது. புகழும் விருதும் ஒருமுறை கிடைத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக நின்று காக்க வேண்டியிருக்கிறது.

பொருளோடு சேர்ந்து வரும் சொல்

சாலையோர அதிசயங்களைப் போலவே வினோத அருங்காட்சியகங்களும் ஒரு பொருளின்மேல் ஒருவர் வைத்த கண்ணிலிருந்து பிறக்கின்றன. ஆனால் அங்கே பொருளைத் தாங்குவது அதன் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்பு.

குரோவேஷியத் தலைநகர் சாக்ரெபில் முறிந்த உறவுகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒலிங்கா விஷ்டிட்சா, திராஜென் குருபிஷிட்ச் என்ற கலைஞர்கள் இருவரும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். பிரிந்தபின் மிஞ்சிய பொருள்களை என்ன செய்வது என்ற பேச்சிலிருந்து 2006-இல் ஒரு கண்காட்சி வந்தது. 2010-இல் நிரந்தர அருங்காட்சியகமானது. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் பெயர் சொல்லாமல் பொருள் அனுப்புகிறார்கள். கூடவே அதன் கதையையும். அங்கே ஒரு சாதாரணக் கோடரி இருக்கிறது. விட்டுப்போனவர் விடுமுறைக்குச் சென்றிருந்த 14 நாளும், அவருடைய மரச்சாமான்களை நாளுக்கு ஒன்றாக வெட்டித் தள்ளிய கோடரி அது. குறிப்பை எடுத்துவிட்டால் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் பொருள். குறிப்போடு சேர்ந்தால் ஒருவரின் இரண்டு வார வேதனை.

தில்லியில் பிந்தேஸ்வர் பாடக் 1992-இல் தொடங்கிய சுலப் கழிப்பறை அருங்காட்சியகமும் அப்படித்தான். பெயரைக் கேட்டதும் சிரிக்கிறவர்கள் உள்ளே போனால், ஹரப்பா நாகரிகத்தின் வடிகாலில் தொடங்கி ஐரோப்பிய அரசர் அரியணைக்கடியில் வைத்துக்கொண்ட மலத்தொட்டியின் மாதிரி வரை நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டு வரலாற்றைக் காண்கிறார்கள். பாடக் 1970-இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கியதே மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்கத்தான். இரட்டைக் குழிக் கழிப்பறையை அவர் ஊர் ஊராகக் கொண்டுபோனதன் தொடர்ச்சிதான் இந்தக் கூடம். பேசக் கூசும் விஷயத்தைப் பேச வைக்க அவர் கண்ட வழி அது. 2023 ஆகஸ்ட் 15 அன்று அவர் மறைந்தார். கூடம் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அதன் பின்னே ஓர் இயக்கம் இருக்கிறது.

பிழைத்தவை கற்றுத் தருவது

பிழைத்த இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சில பொது அம்சங்கள் தெரிகின்றன. பலவற்றில், செய்தவர் உயிரோடிருக்கும்போதோ, மறைந்த உடனேயோ பொருள் பொதுவுக்கு வந்திருக்கிறது. தலைக்கு மேல் கூரையோ காலுக்குக் கீழ் சொந்த நிலமோ கிடைத்திருக்கிறது. பொறுப்பேற்க ஒரு குழு இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் கூடிச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கிறது. தெற்கு டகோட்டாவின் மிச்செல் நகரில் 1892-இல் தொடங்கிய மக்காச்சோள மாளிகையின் சுவர்ச் சித்திரங்களைப் பல நிறக் கதிர்களால் ஆண்டுதோறும் புதிதாக அமைக்கிறார்கள். அழியும் பொருளால் ஆனது நூற்றாண்டைக் கடந்து நிற்பதற்கு அந்த வருடாந்தர வேலைதான் காரணம்.

சேகரிப்பு பிழைப்பது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலும் ஓர் அரிய சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் வரை தேடித் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டியலிட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள், ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுகிற எவரும் இன்று அந்தப் பலகை ஓவியருக்குக் கடன்பட்டவர்கள்.

அவரைப் போன்றவர்கள் நம் ஊர்கள் எங்கும் இருக்கிறார்கள். தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர், வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்து அடுக்கி வைத்திருப்பவர், இசைத்தட்டு, பூட்டு, படி, மரக்கால், விளக்கு, பழைய பேருந்துச் சீட்டு என்று அறை முழுக்க நிரப்பி வைத்திருப்பவர். வீட்டார் சலித்துக்கொள்வார்கள், அக்கம்பக்கத்தார் கேலி பேசுவார்கள். அவர் கண்மூடிய மறுமாதம் அத்தனையும் எடைக்குப் போய்விடும். போவது இரும்பும் காகிதமும் மட்டுமல்ல. எது எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தது, எதற்குப் பயன்பட்டது என்று அவர் தலையில் இருந்த அத்தனை செய்தியும் அதோடு போய்விடுகிறது.

இதைத் தடுக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஊர் நூலகத்தில் ஓர் அலமாரியோ பள்ளியில் ஓர் அறையோ போதும். மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளின் கதையையும் கேட்டு எழுதலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்த் திருவிழாவோடு சேர்த்து எல்லோருக்கும் காட்டலாம். உலக சாதனைப் பலகை கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டாலும் குறையில்லை.

முதலில் செய்ய வேண்டியது, அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அவரால் மட்டுமே பதில் சொல்ல முடியும். அதனால் இந்த வாரமே போவது நல்லது.